மண்டேலாவின் பிம்பமும் தென்னாப்பிரிக்காவின் வெளியுறவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு தலைவரின் பிம்பம் வெளியுறவுக்கு உதவுகிறது என்றால் என்ன பொருள்?

வெளிநாட்டு மக்களும் அரசுகளும் ஒரு தலைவர்மேல் வைத்திருக்கும் மதிப்பை, அவருடைய அரசு தன் காரியங்களைச் சாதித்துக்கொள்ளப் பயன்படுத்துவதையே இது குறிக்கிறது. பொதுப்படையாகப் பேசினால் இது எதற்கும் பொருந்துகிற, எதையும் விளக்காத பேச்சாகிவிடும். ஆகவே இங்கே ஒரே தலைவரை, ஒரே நாட்டை எடுத்துக்கொள்கிறோம்: நெல்சன் மண்டேலாவும் அவர் 1994 முதல் 1999 வரை அதிபராக இருந்த தென்னாப்பிரிக்காவும். இவ்வளவு பரந்த நற்பெயருடன் ஆட்சிப் பொறுப்பேற்ற தலைவர் அண்மைக் காலத்தில் வேறொருவர் இல்லை என்றே சொல்லலாம். அந்த நற்பெயர் எங்கே செல்லுபடியாயிற்று, எங்கே செல்லாக்காசாகப் போயிற்று என்பதற்கான சான்றுகள் அந்த ஐந்து ஆண்டுகளுக்குள்ளேயே கிடைக்கின்றன.

அந்தப் பிம்பம் தானாக உருவானதா, உருவாக்கப்பட்டதா?

பெருமளவு உருவாக்கப்பட்டதுதான். அதனால் அது பொய் என்று ஆகிவிடாது. 1964இல் ரிவோனியா வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற பிறகு, மண்டேலாவின் படத்தையோ பேச்சையோ தென்னாப்பிரிக்காவில் வெளியிட முடியாத நிலை நீண்ட காலம் நீடித்தது. மண்டேலா சார்ந்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் கூட்டுத் தலைமையில் நம்பிக்கை கொண்ட அமைப்பு. தனிமனித வழிபாட்டைச் சந்தேகத்துடன் பார்த்த அமைப்பு. இருந்தும் ஆலிவர் தம்போவின் தலைமையில் வெளிநாடுகளிலிருந்து இயங்கிய அதன் தலைவர்கள், நிறவெறி ஆட்சியின் கொடுமையை உலகத்துக்குப் புரியவைக்க ஒரு கைதியின் பெயர் நூறு தீர்மானங்களைவிட வலுவானது என்பதை உணர்ந்திருந்தார்கள். 1980இல் ஜோகன்னஸ்பர்க் செய்தித்தாள் ஒன்று தொடங்கிய ‘மண்டேலாவை விடுதலை செய்’ இயக்கம் விரைவில் கடல் கடந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 473ஆம் தீர்மானம் அவர் பெயரைக் குறிப்பிட்டே விடுதலையைக் கோரியது. 1988 ஜூன் 11 அன்று லண்டன் வெம்பிளி அரங்கில் அவருடைய எழுபதாவது பிறந்த நாளையொட்டி நடந்த இசை நிகழ்ச்சி பல நாடுகளில் ஒளிபரப்பாயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1990 பிப்ரவரி 11 அன்று, 71 வயதில் அவர் சிறை வாசலைத் தாண்டி நடந்து வரும்வரை, அவருடைய அப்போதைய முகம் எப்படியிருக்கும் என்பது வெளியுலகில் அநேகமாக யாருக்கும் தெரியாது. முகம் வருவதற்கு முன்பே பிம்பம் வந்துவிட்டது. ஓர் அரசின் வெளியுறவுக் கருவியாவதற்கு முன்பே, ஒரு விடுதலை இயக்கத்தின் வெளியுறவுக் கருவியாக அது பத்தாண்டுகள் பழக்கப்பட்டிருந்தது.

1994இல் ஆட்சிக்கு வந்தவுடன் அது நாட்டுக்கு என்ன பெற்றுத் தந்தது?

அந்த ஆண்டு மே 10 அன்று பிரிட்டோரியாவில் நடந்த பதவியேற்பு விழாவில் ஃபிடல் காஸ்ட்ரோவும் அமெரிக்கத் துணை அதிபர் அல் கோரும், யாசர் அரபாத்தும் இஸ்ரேல் அதிபர் எசர் வைஸ்மனும் ஒரே இடத்தில் இருந்தார்கள். வேறெந்தப் புதிய அதிபரின் விழாவிலும் இப்படியொரு கூட்டம் கூடியிருக்காது. அதே மாதம் ஐ.நா. ஆயுதத் தடை நீங்கியது. சில வாரங்களுக்குள் காமன்வெல்த், ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு, அணிசேரா இயக்கம் ஆகியவற்றில் இடம் கிடைத்தது. 1974 முதல் மறுக்கப்பட்டிருந்த ஐ.நா. பொதுச்சபை இருக்கையும் திரும்பக் கிடைத்தது.

ஆனால் இவை அனைத்தையும் மண்டேலா என்ற தனிமனிதரின் கணக்கில் வரவு வைப்பது சரியல்ல. அனைவரும் வாக்களித்த தேர்தலில் வென்று யார் ஆட்சிக்கு வந்திருந்தாலும் இவற்றில் பெரும்பாலானவை கிடைத்திருக்கும். 1995இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தைக் காலவரையின்றி நீட்டிக்கும் பேச்சுவார்த்தையில் தென்னாப்பிரிக்கா பாலமாக நின்று பெயர் வாங்கியதும் அப்படித்தான். அந்த நற்பெயரில் பாதி, தயாரித்து முடித்திருந்த 6 அணுகுண்டுகளைப் பிரித்தழித்த முந்தைய டி கிளார்க் அரசுக்கு உரியது. அந்த உண்மையை 1994க்குப் பின் வந்த அரசு நினைவூட்ட அவ்வளவாக ஆசைப்பட்டதில்லை என்பது வேறு விஷயம்.

பிம்பம் நேரடியாகவே ஒரு காரியத்தை முடித்த உதாரணம் உண்டா?

லாக்கர்பி விவகாரம்தான் தெளிவான உதாரணம். 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே பான் ஆம் நிறுவனத்தின் 103ஆம் எண் விமானம் குண்டு வெடித்துச் சிதறியதில், தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 270 பேர் உயிரிழந்தனர். லிபியர்கள் இருவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர்களை ஒப்படைக்க லிபியத் தலைவர் கடாஃபி மறுத்தார். 1992 முதல் லிபியாவுக்கு விமானப் போக்குவரத்தை ஐ.நா. தடை செய்தது. ஸ்காட்லாந்திலோ அமெரிக்காவிலோதான் விசாரணை நடக்க வேண்டும் என்று வாஷிங்டனும் லண்டனும் வலியுறுத்தின. அங்கே தன் குடிமக்களுக்கு நியாயம் கிடைக்காது என்றது லிபியத் தலைநகர் திரிப்போலி. மூன்றாவது நாடு ஒன்றில் விசாரிக்கலாம் என்ற யோசனை பல ஆண்டுகளாகவே பேச்சில் இருந்தும் அதைக் கையில் எடுத்து முன்னே நகர்த்த ஆளில்லை.

1997 அக்டோபரில் மண்டேலா லிபியாவுக்குப் போனார். விமானத் தடையை மீறாமல் இருப்பதற்காகத் துனீசியாவிலிருந்து கார் வழியாகவே எல்லையைக் கடந்தார். எழுபத்தொன்பது வயது முதியவர், ஒரு நாட்டின் அதிபர், பாலைவனச் சாலையில் காரில் வந்து இறங்குகிறார் என்பதே செய்தியாயிற்று. தடையை மதித்ததாகவும் ஆயிற்று, தடை எவ்வளவு இறுக்கமானது என்று உலகுக்குக் காட்டியதாகவும் ஆயிற்று. அங்கிருந்து காமன்வெல்த் உச்சி மாநாட்டுக்காக எடின்பரோவுக்குச் சென்றவர், குற்றம் சாட்டுவதும் வழக்கு நடத்துவதும் தீர்ப்புச் சொல்வதும் ஒரே நாடாக இருக்கலாகாது என்ற பொருள்பட வெளிப்படையாகப் பேசினார். மாநாடு நடந்ததே ஸ்காட்லாந்தில் என்பதால் அந்தப் பேச்சு விழ வேண்டிய இடத்தில் விழுந்தது.

அதன் பிறகான வேலை மேடையில் நடக்கவில்லை. மண்டேலாவின் அதிபர் அலுவலகத் தலைமைச் செயலர் ஜேக்ஸ் கெர்வெலும், சவூதி இளவரசர் பந்தர் பின் சுல்தானும் திரிப்போலிக்குத் திரும்பத் திரும்பப் போய் வந்தார்கள். 1998 ஆகஸ்டில் அமெரிக்காவும் பிரிட்டனும் இறங்கி வந்து, நெதர்லாந்தில் ஸ்காட்லாந்துச் சட்டப்படி விசாரணை நடத்த ஒப்புக்கொண்டன. 1999 மார்ச்சில் மண்டேலா மீண்டும் லிபியாவுக்குச் சென்று ஒப்படைப்பு உறுதியாகிவிட்டதை அறிவித்தார். ஏப்ரல் 5 அன்று இருவரும் ஒப்படைக்கப்பட்டார்கள், ஐ.நா. தடைகள் நிறுத்திவைக்கப்பட்டன. கேம்ப் சைஸ்ட் என்ற பழைய ராணுவத் தளத்தில் நடந்த விசாரணையின் முடிவில், 2001 ஜனவரி 31 அன்று ஒருவர் குற்றவாளி என்றும் மற்றவர் நிரபராதி என்றும் தீர்ப்பாயிற்று.

இதில் பிம்பத்தின் பங்கு சரியாக எது?

நிறவெறி ஆட்சியை எதிர்த்த காலத்தில் கடாஃபி செய்த உதவிக்கு மண்டேலா எந்தக் கூச்சமும் இல்லாமல் நன்றி சொன்னார். தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை விருதையும் அவருக்கு அளித்தார். அதனால் அவர் கொடுத்த வாக்குறுதியைக் கடாஃபி நம்பினார். மறுபக்கத்தில், கிளிண்டனோ டோனி பிளேரோ தங்கள் சொந்த வாக்காளர்கள் முன்னிலையில் மண்டேலாவை அலட்சியப்படுத்த முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, இரு தரப்பும் எதிரிக்குப் பணிந்துவிட்டதாகத் தலைகுனியாமல், மண்டேலாவின் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்ததாகத் தங்கள் நாட்டில் சொல்லிக்கொள்ள வழி கிடைத்தது. ஊர்ப் பஞ்சாயத்தில் பெரியவர் ஒருவரின் பேச்சை மதித்து இரு வீட்டாரும் பின்வாங்குவது போன்றதுதான் இது. ஆனால் பின்வாங்க இரு வீட்டாருக்கும் சொந்தக் காரணம் ஏற்கெனவே இருந்தது: லிபியாவைத் தடைகள் வாட்டின, மேற்கு நாடுகளுக்குத் தடைகள் நாளடைவில் மீறப்பட்டுவிடும் என்ற கவலை இருந்தது.

கடாஃபியுடனும் காஸ்ட்ரோவுடனும் கொண்ட நட்பு அமெரிக்க உறவைக் கெடுக்கவில்லையா?

உரசல் இருந்தது, முறிவு வரவில்லை. 1990 ஜூனில் நியூயார்க்கில் நடந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியிலேயே, அமெரிக்காவின் எதிரிகளெல்லாம் எங்களுக்கும் எதிரிகளாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறு என்று மண்டேலா சொல்லிவிட்டார். அடுத்த சில நாட்களில் மயாமிக்குச் சென்றபோது, காஸ்ட்ரோ எதிர்ப்பாளர்களான கியூப அமெரிக்கத் தலைவர்கள் அவருக்கு வரவேற்பளிக்க மறுத்தனர். அதைக் கண்டித்துக் கறுப்பின அமெரிக்கர்கள் அந்த நகரின் சுற்றுலாத் தொழிலை 1993 வரை புறக்கணித்தார்கள். அதாவது அவரை அவமதிப்பதற்கு அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு விலை இருந்தது.

1998 மார்ச் 27 அன்று நடந்ததையும் பார்க்கலாம். கேப் டவுனில் கிளிண்டனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே, தன் பழைய நண்பர்களோடு பழகுவதைக் குறை சொல்கிறவர்கள் குளத்தில் போய்க் குதிக்கட்டும் என்றார் மண்டேலா. கிளிண்டன் சிரித்தார். அதே நாளில் இருவரும், மண்டேலா அடைபட்டிருந்த ராபன் தீவின் சிறையறையில் கம்பிகளுக்குப் பின்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் கிளிண்டனுக்கும் வேண்டியிருந்தது என்பதால் அந்தச் சொல்லை அவர் பொறுத்துக்கொண்டார். இவ்வளவுக்கும் பிறகு, ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் உறுப்பினர்கள் அமெரிக்காவுக்குள் நுழையச் சிறப்பு விலக்குப் பெற வேண்டும் என்ற பழைய பயங்கரவாதப் பட்டியல் கட்டுப்பாடு 2008இல்தான் மண்டேலா விஷயத்தில் நீங்கியது என்பதை நம்புவது கடினம். ஆனால் அதுதான் நடந்தது.

பிம்பம் தோற்ற இடம் எது?

நைஜீரியா. எழுத்தாளர் கென் சரோ விவாவுக்கும் அவருடன் குற்றம் சாட்டப்பட்ட எட்டுப் பேருக்கும் சானி அபாச்சாவின் ராணுவ அரசு மரண தண்டனை விதித்தபோது, மென்மையாகப் பேசிக் காப்பாற்றிவிடலாம் என்று மண்டேலா நம்பினார். அதற்கு முன்பே, அந்த அரசின் போக்கை மாற்ற பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவையும் துணை அதிபர் தாபோ உம்பெக்கியையும் நைஜீரியத் தலைநகர் அபுஜாவுக்கு அனுப்பியிருந்தார். 1995 நவம்பர் 10 அன்று, ஆக்லாந்தில் காமன்வெல்த் உச்சி மாநாடு தொடங்கிய நாளிலேயே ஒன்பது பேரும் தூக்கிலிடப்பட்டனர். தன் சொல்லுக்கு மதிப்பிருக்கும் என்று உலகத்தின் முன் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இருந்திருக்க முடியாது. காமன்வெல்த்திலிருந்து நைஜீரியா இடைநீக்கம் செய்யப்பட்டது. தென்னாப்பிரிக்கா தன் தூதரைத் திரும்ப அழைத்தது. நைஜீரியாவின் எண்ணெய்க்குத் தடை வேண்டும் என்று மண்டேலா கேட்டார்.

தடை வரவில்லை. எண்ணெய் வாங்கும் மேற்கு நாடுகள் கைவிரித்தன. ஆப்பிரிக்க நாடுகளோ, நிறவெறி எதிர்ப்புக்கு வாரி வழங்கிய நைஜீரியாவைத் தென்னாப்பிரிக்கா மேற்கத்தியர்களோடு சேர்ந்து தண்டிக்கப் பார்க்கிறது என்று முணுமுணுத்தன. நைஜீரியா, தென்னாப்பிரிக்காவில் 1996 ஜனவரியில் தொடங்கிய ஆப்பிரிக்கக் கால்பந்துக் கோப்பைப் போட்டியிலிருந்து நடப்புச் சாம்பியனாக இருந்தும் விலகிக்கொண்டது. எழுபதுகளில் தன் இயக்கத்தின் பிரதிநிதியாக நைஜீரியாவில் இருந்த உம்பெக்கி இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் வேறு: ஆப்பிரிக்காவுக்குள் தனித்து நின்று அறம் பேசுவதைவிடக் கூட்டத்தோடு சேர்ந்து நகர்வதே நல்லது. பின்னாளில் அதிபரானபோது ஜிம்பாப்வேயின் முகாபே ஆட்சி விஷயத்தில் அவர் காட்டிய, பலரால் கண்டிக்கப்பட்ட மௌனத்தின் வேர் ஓரளவு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

லாக்கர்பியில் பலித்தது இங்கே ஏன் பலிக்கவில்லை என்று கேட்டால், அபாச்சாவுக்கு விட்டுக்கொடுப்பதால் கிடைக்கக்கூடியது எதுவும் இல்லை. விட்டுக்கொடுக்காமல் இருப்பதால் இழக்கக்கூடியதும் பெரிதாக இல்லை.

சயீர் போரில் அவர் செய்த சமரச முயற்சி?

1997 மே மாதத்தில் தென்னாப்பிரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றில், அண்டை நாடான காங்கோ குடியரசின் துறைமுக நகரான புவாந்த் நுவாருக்கு அருகே, சயீர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) அதிபர் மொபுட்டுவையும் கிளர்ச்சித் தலைவர் கபீலாவையும் எதிரெதிரே உட்காரவைத்தார். மொபுட்டு புற்றுநோயால் படியேற முடியாத நிலையில் இருந்தார். கபீலா தன் படைகள் வென்றுகொண்டிருந்ததால் எதற்கும் இறங்கவில்லை. இரண்டாவது சந்திப்புக்கு வரவே இல்லை. சில நாட்களில், மே 17 அன்று, தலைநகர் கின்ஷாசா அவர் படைகளிடம் வீழ்ந்தது.

வர்த்தகத்துக்கு உதவியதா?

எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ஐரோப்பியத் தலைவர்கள் மண்டேலாவுடன் படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நின்றார்கள். அதே ஐரோப்பிய ஒன்றியத்துடனான வர்த்தக ஒப்பந்தப் பேச்சு 1995இல் தொடங்கி 1999 அக்டோபரில்தான் கையெழுத்தாயிற்று. பழங்களுக்கும் ஒயினுக்கும் சந்தையைத் திறக்க ஐரோப்பிய விவசாயிகள் விடவில்லை. ‘போர்ட்’, ‘ஷெர்ரி’ என்ற ஒயின் வகைப் பெயர்களைத் தென்னாப்பிரிக்க ஒயின் தயாரிப்பாளர்கள் பயன்படுத்தக் கூடாது என்று போர்ச்சுகலும் ஸ்பெயினும் பிடிவாதம் பிடித்தன. அது தீரும் வேளையில் ‘கிராப்பா’, ‘ஊசோ’ என்ற தங்கள் மதுவகைகளின் பெயர்களுக்காக இத்தாலியும் கிரேக்கமும் புதிதாகக் கிளம்பின. ஐரோப்பிய ஒன்றியத்தின் பிரஸ்ஸல்ஸ் அதிகாரிகள் பட்டியலைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசும் மேசையில் ராபன் தீவுக்கு இடமில்லை.

சீனாவிடமும் இதே கதைதான். தைவானையும் மக்கள் சீனத்தையும் ஒருசேர அங்கீகரிக்கலாம் என்று மண்டேலா வெகுநாள் முயன்றார். பெய்ஜிங் அசையவில்லை. 1996 நவம்பரில் அவரே தைவானுடனான உறவை முறிப்பதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. 1998 ஜனவரி 1 முதல் சீனாவுடன் தூதரக உறவு தொடங்கியது.

பதவி விட்ட பிறகும் அரசு அவரைப் பயன்படுத்தியதா?

சலிக்கச் சலிக்கப் பயன்படுத்தியது. தான்சானியாவின் முன்னாள் அதிபர் நைரேரே 1999இல் மறைந்த பிறகு, அவர் வகித்த புருண்டி உள்நாட்டுப் போர்ச் சமரசப் பொறுப்பு அவரிடம் வந்தது. 2000 ஆகஸ்டில் அருஷா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அது பயனுள்ள வேலை. உலகக் கோப்பைக் கால்பந்துக்காக அவரை அலைக்கழித்தது பற்றி அப்படிச் சொல்ல முடியாது. 2006ஆம் ஆண்டுப் போட்டியை ஒரு வாக்கில் ஜெர்மனியிடம் இழந்த தென்னாப்பிரிக்கா, 2004இல் 85 வயதான அவரை, கால்பந்து நிர்வாகி ஜாக் வார்னரின் ஆதரவைப் பெறுவதற்காக டிரினிடாட் வரை அழைத்துச் சென்றது. மே 15 அன்று சூரிக்கில் மொராக்கோவை 14க்கு 10 என்று வென்று 2010 போட்டியைப் பெற்றது. கோப்பையைத் தூக்கிப் பிடித்துக் கண்கலங்கிய மண்டேலாவின் படம் உலகெங்கும் போயிற்று. 2015இல் அமெரிக்க வழக்குத் தொடுப்பு ஆவணங்கள், அந்த ஆதரவின் பின்னணியில் 1 கோடி டாலர் கைமாறியதாகக் குற்றம் சாட்டின. அது கரீபியத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கான கால்பந்து உதவி என்றது தென்னாப்பிரிக்கா. எது எப்படியானாலும், ஒரு மனிதரின் நற்பெயரை இப்படிப்பட்ட காரியத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியது நல்ல நிர்வாகம் அல்ல.

இந்தியாவுடனான உறவில் இதன் இடம் என்ன?

1946இலேயே தென்னாப்பிரிக்காவுடன் வர்த்தகத்தை முறித்துக்கொண்ட நாடு என்பதால் இந்தியாவுக்கு மண்டேலாவிடம் உரிமையோடு பேச முடிந்தது. 1990இல் பாரத ரத்னா வழங்கியது. 1995 குடியரசு நாளில் அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்தது. 1997 ஏப்ரலில், காந்தியடிகளை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரின் சார்பில் அவருக்கு மறைவுக்குப் பிந்திய கௌரவத்தை மண்டேலா வழங்கினார். இத்தனை அன்பும், 1998 செப்டம்பரில் டர்பனில் நடந்த அணிசேரா மாநாட்டில் அவர் காஷ்மீர் பிரச்சினையைக் குறிப்பிட்டபோது வாஜ்பாய் அரசுக்கு வந்த எரிச்சலைத் தடுக்கவில்லை. சொல்லப்போனால் பேசியவர் மண்டேலா என்பதால்தான் எரிச்சல் அதிகமாயிற்று.

சிலை வைப்பது, தலைவர் பெயரில் நாள் கொண்டாடுவது போன்றவற்றால் பலன் உண்டா?

மலிவானவை, ஓரளவே பலன் தருபவை. பெறுகிற நாட்டு மக்கள் அந்தத் தலைவரை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரியாமல் செய்தால் எதிர்விளைவும் உண்டு. 2016 ஜூனில் அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி கானா பல்கலைக்கழகத்தில் திறந்துவைத்த காந்தி சிலை, இளம் வயதில் அவர் கறுப்பினத்தவரைப் பற்றி எழுதியவற்றைச் சுட்டிக்காட்டிப் பேராசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்ததால் 2018 டிசம்பரில் அகற்றப்பட்டது. தென்னாப்பிரிக்கா 2018 செப்டம்பரில் ஐ.நா. தலைமையகத்துக்கு அளித்த மண்டேலா சிலைக்கு அப்படி எதிர்ப்பு வரவில்லை. மண்டேலாவின் நூற்றாண்டான அந்த ஆண்டிலேயே பாதுகாப்பு அவையின் தற்காலிக இடத்துக்கும் அந்த நாடு தேர்வாயிற்று.

மண்டேலாவுக்குப் பின் அந்தப் பிம்பம் சொத்தா, சுமையா?

சுமையாக மாறிய தருணங்களே அதிகம் தெரிகின்றன. 2007இல் மியான்மர் ராணுவ ஆட்சியைக் கண்டிக்கும் தீர்மானத்தை எதிர்த்துப் பாதுகாப்பு அவையில் வாக்களித்தபோதும், 2009இல் தலாய் லாமாவுக்கு விசா மறுத்தபோதும், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தேடிய சூடான் அதிபர் பஷீரை 2015இல் கைது செய்யாமல் போகவிட்டபோதும், மண்டேலாவின் நாடா இப்படிச் செய்கிறது என்ற கேள்வியே முதலில் எழுந்தது. இதே காரியங்களைச் செய்த வேறு நாடுகளிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. மண்டேலாவே இந்தோனேசியாவின் சர்வாதிகாரி சுகார்த்தோவுக்கும் கடாஃபிக்கும் விருது கொடுத்தவர், தேவைக்கேற்ப வளைந்தவர் என்பது இந்த ஒப்பீட்டில் மறந்துபோகிறது. பின்வந்தவர்கள் மனிதரோடு அல்ல, மெருகேறிய பிம்பத்தோடு ஒப்பிடப்படுகிறார்கள்.

2023 டிசம்பர் 29 அன்று இஸ்ரேலுக்கு எதிராகச் சர்வதேச நீதிமன்றத்தில் தென்னாப்பிரிக்கா வழக்குத் தொடுத்தபோது, பாலஸ்தீனர்களின் விடுதலை இல்லாமல் எங்கள் விடுதலை முழுமையடையாது என்று 1997இல் மண்டேலா பேசியது மீண்டும் எல்லா இடங்களிலும் மேற்கோளாயிற்று. உலகின் தெற்கு நாடுகளில் அதற்குக் கிடைத்த வரவேற்பில் அந்தப் பெயருக்குப் பங்குண்டு. வாஷிங்டனில் அது எடுபடவில்லை. 2025 பிப்ரவரியில் டிரம்ப் அரசு தென்னாப்பிரிக்காவுக்கான உதவியை நிறுத்த உத்தரவிட்டது. மார்ச்சில் அதன் தூதரை வெளியேற்றியது. நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த ஜி20 உச்சி மாநாட்டைப் புறக்கணித்தது. 1998இல் கிளிண்டன் ராபன் தீவுப் படத்துக்காகப் பொறுத்துப்போனதற்கு இணையான காரணம் எதுவும் இந்த அரசுக்கு இல்லை.